சணல் சுற்றிய ஸ்டீரிங்

ஜீப்பின் இடது முன்சக்கரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வலது முன்சக்கரம் வெடிமருந்து அறையைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் நடுவில் உட்கார்ந்து, இரண்டில் எது என் பேச்சைக் கேட்கும் என்று ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலது சக்கரம் மட்டும் அசைந்தது. இடது சக்கரம், நீ யாரோ நான் யாரோ என்று இருந்தது.

நாரணாபுரத்துக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனியின் உள்பாதை அது. காலை ஏழு மணி இருக்கும். தீபாவளிக்கு முந்தைய சீசன். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. ஜீப்பின் பின்னால் கம்பெனி வேலைக்கு வந்த ஒன்பது பெண்கள். அதில் ஒருத்தி என் மனைவி முத்துலட்சுமி.

வழக்கமாக நான் கேட்டுக்கு வெளியிலேயே அவர்களை இறக்கிவிடுவேன். அன்று தூறல் என்பதால் பேக்கிங் செட் வரைக்கும் உள்ளே கொண்டுவந்து இறக்கச் சொல்லிவிட்டார்கள். நனைந்த சேலையோடு மருந்துப் பக்கம் போகக் கூடாது. ஈரமும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் தானே சூடேறும். என் சைலன்சர் வாயில் பொறி தடுக்கும் வலை மாட்டியிருந்தது. அதனால் உள்ளே விட்டார்கள். சைலன்சரைப் பார்த்தவர்கள் ஸ்டீரிங்கையும் பார்த்திருக்கலாம்.

செட்டுக்குத் திரும்பும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நான் சீட்டுக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எதற்குச் சுத்தியல் என்று கேட்டால் இன்றும் பதில் தெரியாது. என் வாழ்க்கையில் எது நின்றுபோனாலும் முதலில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன்.

போர்மேன் ராஜாமணி அண்ணாச்சி வெறுங்காலோடு ஓடி வந்தார். கம்பெனிக்குள் எல்லாரும் வெறுங்கால்தான்.

“ஏலே! சுத்தியல வைய்யி!”

நான் பதறிக் கையை விடப் பார்த்தேன்.

“போட்டுறாதலே! வைய்யின்னேன்! மெல்ல வைய்யி!”

கீழே சரளைக்கல். இரும்பு கல்லில் விழுந்தால் பொறி பறக்கும். பொறி பறந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் சுத்தியலை இரண்டு கையாலும் தாங்கி, குனிந்து, ஜீப்பில் கால் வைக்கும் இடத்தில் கிடந்த சாக்கின் மேல் படுக்க வைத்தேன். வைத்தபிறகும் உடனே கையை எடுக்கவில்லை. கையை எடுத்தால் பிள்ளை விழித்து அழுதுவிடுமோ என்று பயந்தவன்போல் இருந்தேன்.

“தாலாட்டுப் பாடலியா கொழுந்தனாரே?” என்றாள் காளியம்மா மதினி.

தூரத்து உறவில் அவள் எனக்கு மதினி முறை. ஜீப்பில் வருகிறவர்களில் மூத்தவள். அவள் ஏறினால் மற்றவர்கள் ஏறுவார்கள். அவள் இறங்கினால் இறங்குவார்கள். அன்று எல்லாருக்கும் முன்னால் அவள் இறங்கியிருந்தாள்.

எட்டாம் வகுப்பு மெக்கானிக்

போன வாரம் இந்தத் தொடரில் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் அலைந்த கதையைச் சொல்லி, அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், நாக்பூரில் பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவன், போர்வெல் வண்டியில் குழாய் தூக்குகிறவன். எந்த வேலையிலும் மூன்று மழைக்காலம் முழுதாக நின்றதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு முத்துலட்சுமியும் என்னோடு ஐந்து ஊர் மாறினாள். ஒரு ஊரில் ரேஷன் கார்டு கைக்கு வரும்போது நாங்கள் அடுத்த ஊருக்கு லாரி ஏறியிருப்போம். பசித்த நாட்கள் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பசித்தது, தண்ணீர் குடித்தோம், தூங்கினோம்.

ஆமத்தூர் பக்கம் அவளுடைய ஊருக்கு வந்து பெட்டியை இறக்கிய அன்று அவள் சொன்னாள்:

“இதான் கடைசி. இனிமே நீங்க எங்கன போனாலும் தனியாத்தான் போவீக. நான் பெட்டி தூக்க மாட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் உலை வைத்தாயிற்று என்பதுபோல் சொன்னாள். அதனால்தான் பயமாக இருந்தது.

அவள் பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றும் வேலைக்குப் போனாள். நான் ஒரு ஜீப் வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். ஊரில் நிலபுலம் உள்ள ஒரு குடும்பத்தின் தொழுவத்தில், பருத்திமாருக்கும் ஆட்டுக்கும் நடுவில் பல வருடம் நின்றது. அந்த வீட்டுப் பெரியவர் சாவியைக் கொடுக்கும்போது, “ஸ்டீரிங்ல கொஞ்சூண்டு ஆட்டம் இருக்கும்லே. கைக்குப் பழகிப்போகும்” என்றார்.

கொஞ்சூண்டு என்றால் கால் சுற்று. ஸ்டீரிங்கைக் கால் சுற்று திருப்பும்வரை சக்கரத்துக்குத் தகவல் போகாது. நேர் ரோட்டில் போகும்போதுகூட நான் இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ மலைப்பாதையில் போவதாகத் தோன்றும். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் மலை எங்கே இருக்கிறது?

வேலைக்குப் போகும் நேரத்துக்கு எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. ஒன்பது பேரும் என் ஜீப்பில் வர ஒப்புக்கொண்டார்கள். இந்த ஓட்டம் நின்றுபோனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. வேறு ஊர்தான் தெரியும். அந்த ஊருக்கு முத்துலட்சுமி வரமாட்டாள். என் நிலைமை இதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்த கோமாளித்தனங்களுக்கு இது காரணம்; சமாதானம் அல்ல.

வளைவில் டீ

ஸ்டீரிங் என்பது நம் கையில் இருக்கும் வட்டம் மட்டும் அல்ல. அதற்குக் கீழே ஒரு பல்பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு கம்பி வலது சக்கரத்துக்குப் போகிறது. வலது சக்கரத்திலிருந்து இன்னொரு நீளக் கம்பி இடது சக்கரத்துக்குப் போகிறது. இரண்டு கம்பிக்கும் நாலு முனை. ஒவ்வொரு முனையிலும் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு இரும்பு உருண்டை. நம் இடுப்பு மூட்டு மாதிரி. மெக்கானிக்குகள் அதை ‘எண்டு’ என்பார்கள். நாலு எண்டுக்கும் கிரீஸ் ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் கிண்ணம் தேயும். தேய்ந்தால் உருண்டை ஆடும்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போதும் கிரீஸ் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கிரீஸ் போகும் துவாரங்களின் மேல் யாரோ என்றைக்கோ பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கிரீஸ் உள்ளே போகவில்லை. வெளியிலேயே பிதுங்கி நின்றது. நான் அதை விரலால் நன்றாகச் சுற்றிலும் பூசிவிட்டு, பளபளப்பைப் பார்த்துத் திருப்தியோடு எழுந்திருப்பேன். சாப்பாட்டை வாயில் வைக்காமல் கன்னத்தில் தடவிவிட்டு, பிள்ளை வயிறு நிறைந்தது என்று நினைக்கிற தாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

ஆட்டம் கூடிக்கொண்டே போனது. பல்பெட்டியின் தலையில் ஒரு திருகு இருப்பதைக் கண்டுபிடித்தேன். போர்வெல் வண்டியில் எவனோ அதைத் திருகி ஆட்டத்தை நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அவன் எவ்வளவு திருகினான் என்பது நினைவுக்கு வரவில்லை. நான் இரண்டு முழுச் சுற்று கொடுத்தேன்.

ஆட்டம் நின்றது. மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. நாலாவது நாள், சிவகாசி ரோட்டில் டீக்கடை இருக்கும் இடது வளைவில் திருப்பினேன். ஸ்டீரிங் திரும்பியது. திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. வளைவு முடிந்து ரோடு நேரானது, ஜீப் நேராகவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பதற்குள் டீக்கடைப் பெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றோம். பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்துவிட்டார்கள்.

பின்னாலிருந்து காளியம்மா மதினி, “என்ன கொழுந்தனாரே, இங்கன கொண்டாந்து நிப்பாட்டிட்டீக?” என்றாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு வார்த்தை போதும்.

“டீ சாப்பிடலாம்னுதான் மதினி.”

ஒன்பது பேருக்கும் டீ சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். மறுநாளும் அதே வளைவு, அதே பெஞ்சு. மறுபடி டீ. மூன்றாம் நாள் நான் வளைவுக்கு வருவதற்கு முன்பே டீக்கடைக்காரர் பெஞ்சை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, பத்துக் கிளாஸை வரிசையாக வைத்திருந்தார். ஊரில் எனக்குத் தாராள மனசுக்காரன் என்று பெயர் வந்தது.

முத்துலட்சுமி மட்டும் கிளாஸின் விளிம்புக்கு மேலே என்னையே பார்த்தாள். இருபது வருடத்தில் நானாக யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததை அவள் கண்டதில்லை.

கிரீஸ் ஒழுகுது

விருதுநகரில் லாரி செட்டுகளுக்குப் பக்கத்தில் சேவியர் என்று ஒரு மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் ஜீப்புக்கு அடியில் படுத்து, வெளியே வந்து, கையைத் துடைத்தான்.

“அண்ணே, பெட்டிக்கு ஒரு சீக்கும் இல்ல. கால்ல வலிக்குதுன்னு வந்தவனுக்குத் தலையில கட்டுப் போட்டிருக்கீக.”

திருகைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினான். இடது சக்கரத்துப் பக்கம் இருந்த எண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். விழப்போகிற பல்போல் ஆடியது.

“இது என்னைக்குனாலும் கழண்டு வந்துரும். நாலையும் மாத்திருவோம். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க.”

“சீசன் சேவியரு. தீபாவளி கழியட்டும்.”

“ஆளு ஏத்துற வண்டிண்ணே.”

“மெதுவாத்தான ஓட்டுதேன்.”

“மெதுவாக் கழண்டாலும் கழண்டதுதான்” என்றான் அவன்.

ரெண்டு நாள் ஓட்டம் நின்றால் ஒன்பது பேரும் கம்பெனி வேனுக்கு ஏற்பாடு செய்துகொள்வார்கள். வேனில் ஏறிப் பழகியவர்கள் திரும்ப வருவார்களா? இந்த ஒரே நினைப்போடு சிவகாசியில் ஒரு கடை வாசலில் நின்றிருந்தேன். கடையில் சணல் பந்துகள் தொங்கின. வெடிக்குச் சுற்றுகிற அதே சணல்.

பட்டாசு ஊரில் இல்லாத ஒருவனுக்கு அந்த யோசனை வந்திருக்காது. மருந்தை உள்ளே வைத்துச் சணலால் இறுக்கிச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்தால் அது கல்போல் ஆகிவிடுகிறது. வெடிக்கப் போகிற மருந்தையே கடைசி நொடிவரை பிடித்து வைத்திருக்கிற சணல், ஆடுகிற ஒரு உருண்டையைப் பிடிக்காதா? ஒரு பந்தும் ஒரு டப்பா பசையும் வாங்கினேன். வழியெல்லாம் எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான் சுற்றிப் பார்த்தேன். காக்கைக் கூடு மாதிரி வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த முத்துலட்சுமியைக் கூப்பிட்டேன்.

“இத லேசாச் சுத்திக் குடேன்.”

“எதுக்கு?”

“கிரீஸ் ஒழுகுது.”

அவள் சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்தாள். அவளுக்கு இடதுகைப் பழக்கம். சணல் அவள் விரலில் ஓடியதை நான் குத்தவைத்துப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக, ஒரு இழைமேல் இன்னொரு இழை ஏறாமல், மூன்று அடுக்கு.

“நல்லா இறுக்கணுமா?”

“நல்லா இறுக்கு.”

இறுக்கினாள். நான் மேலே பசை தடவினேன். மறுநாள் வெயிலில் அது மரக்கட்டைபோல் காய்ந்தது. அதற்கு அப்புறம் ஜீப் ஒழுங்காக ஓடியது. டீக்கடைக்காரர் ஏமாந்துபோனார்.

“கிரீஸ் நின்னுருச்சா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நின்னுருச்சு.”

சணல் தண்ணீரில் ஊறினால் நெகிழும், பசை கரையும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுற்றிய வெடிகளை நனையாமல் வைப்பதுதான் அங்கே எல்லாருக்கும் கவலை. எனக்கு அது மழை வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதுவும் கேட்டைத் தாண்டிய பிறகு.

யார் கை இது?

ராஜாமணி அண்ணாச்சி முதலில் ஆட்களை நகர்த்தினார். பக்கத்து இரண்டு அறைகளில் வேலையைத் தொடங்கியிருந்த பெண்களையும் வெளியே வரச் சொல்லி, வேப்பமரத்துக்கு அப்பால் நிற்க வைத்தார். என் ஜீப் நின்ற பாதையில்தான் லோடு வண்டி வர வேண்டும். எனக்காக இத்தனை பேர் வேலையை விட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

பிறகு அவர் குனிந்து பார்த்தார். இடது எண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்து தொங்கியது. அதிலிருந்து ஈரச் சணல் வால்போல் நீண்டு கிடந்தது. அதை இழுத்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பல வருடமாகச் சணல் சுற்றிய வெடிகளைப் பார்த்துப் பார்த்து, எது யார் சுற்றியது என்று சொல்லக்கூடியவர். எனக்கு அது தெரியாது.

“இதச் சுத்துனது யாரு?”

“நான்தான் அண்ணாச்சி” என்றேன்.

“நீயா?”

“ஆமா.”

அவர் தன் இடுப்பு வேட்டியில் செருகியிருந்த ஒரு துண்டுச் சணலை எடுத்தார். ஒரு வெற்றுக் காகிதக் குழாயை வரவழைத்தார். “சுத்திக் காட்டு.”

வேப்பமரத்தடியில் முப்பது பெண்கள். எல்லாரும் அந்த வேலையே செய்கிறவர்கள். நான் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் முதல் சுற்று அவிழ்ந்தது. அதைப் பிடித்தால் இரண்டாவது அவிழ்ந்தது. குழாய் கையிலிருந்து நழுவி மண்ணில் உருண்டது. சிரிப்புச் சத்தம் மரத்திலிருந்த காக்கையைக் கிளப்பிவிட்டது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. “இது இடமா ஓடுத சுத்து. இந்தக் கம்பெனியில இடமாச் சுத்துற கை ஒண்ணுதான் இருக்கு.”

முத்துலட்சுமி முன்னால் வந்தாள்.

“நான்தான் சுத்துனேன் அண்ணாச்சி.”

“எதுக்குன்னு கேக்காமலா சுத்துன?”

“கேட்டேன். கிரீஸ் ஒழுகுதுன்னாரு.”

 அவள் அந்தத் தொங்கும் கம்பியைப் பார்த்தாள். பிறகு தன்னோடு தினமும் முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்து வந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

காளியம்மா மதினிதான் கேட்டாள். “அப்போ, அந்த டீ?”

“ஸ்டீரிங் திரும்பல மதினி.”

“அடப்பாவி மனுசா! நாங்க ஒனக்குக் கோயில்ல பேரு சொல்லிக் கும்பிட்டோமேடா!”

கொழுந்தனாரே என்பது போய் ‘டா’ வந்துவிட்டது. அதற்கு நான் தகுதியானவன்தான்.

வண்டியை எப்படி வெளியே கொண்டுபோவது? அங்கே இரும்பால் அடிக்க முடியாது, இந்த ஸ்டீரிங்கோடு இஞ்சினைக் கிளப்பவும் கூடாது. அண்ணாச்சி மரச் சுத்தியல் ஒன்று கொண்டுவரச் சொல்லி, தானே படுத்து, உருண்டையைக் கிண்ணத்துக்குள் தட்டி ஏற்றினார். அது நிற்க ஒரு கட்டு வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை. முத்துலட்சுமி காய்ந்த சணலும் பசையும் வாங்கிக்கொண்டு ஈர மண்ணில் படுத்தாள். இந்தத் தடவை எதற்கு என்று அவளுக்குத் தெரியும். சேலை முழுதும் சேறு. அன்றைக்கு அவள் வேலைக்கு உட்கார முடியாது.

எட்டுப் பேரும் தள்ள, நான் ஸ்டீரிங்கைப் பிடிக்க, அவள் இடது சக்கரத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து வர, ஜீப் மெதுவாகக் கேட்டைத் தாண்டியது.

“நாலும் புதுசு மாத்தாம இந்த வண்டி இந்தப் பக்கம் வரக் கூடாது” என்றார் அண்ணாச்சி. “மாத்திட்டும் அவுகளா ஏறுனா ஏறட்டும். நீ கூப்பிடாத.”

பரணில் இருந்த பை

அன்று வீட்டில் அவள் சேலையை அலசிக்கொண்டே பேசினாள்.

“ஊர் ஊராத் திரிஞ்சப்ப நீங்க எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. அரிசி இல்லன்னா இல்லம்பீக. வேல போச்சுன்னா போச்சும்பீக. இங்கன வந்து நெலச்ச பெறகு சொல்லுதீக.”

“ஓட்டம் போயிருமேன்னு...”

“ஓட்டம் போகும். ஒம்போது பேரு போயிருந்தா?”

அலசிய சேலையைப் பிழிந்து கொடியில் விரித்தாள். மறுநாளிலிருந்து, கம்பெனி வேன் கிடைக்கும்வரை என்று பேசிவைத்த ஷேர் ஆட்டோவில் மற்றவர்களோடு சேர்ந்து போனாள். எனக்குச் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டுத்தான் போனாள். அதில் உப்பு, காரம் எல்லாம் சரியாகவே இருந்தது. கோபத்தில் கொஞ்சம் கரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில் இரண்டு தடவை பரணில் கிடந்த என் பழைய பையை இறக்கிப் பார்த்தேன். போர்வெல் லாரிக்காரர்கள் கூப்பிட்டால் ஒரே நாளில் கிளம்பிவிடலாம். பையின் அடியை எலி கடித்திருந்தது. எதைப் போட்டாலும் கீழே விழும். ஓடிப்போகக்கூட லாயக்கில்லாதவனாக ஆகிவிட்டேன் என்று அதைத் திரும்பப் பரணில் எறிந்தேன். பிறகு ஒரு டிராக்டரின் பின்னால் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு சேவியரிடம் போனேன்.

“சணல் போட்ட ஸ்டீரிங்கப் பாத்த மொத மெக்கானிக்கு நான்தாம்ணே” என்றான் அவன். கட்டை அறுக்க அவன் இரண்டு பிளேடு மாற்ற வேண்டியிருந்தது. “சுத்துன கையிக்கு ஒரு கும்பிடு. சுத்தச் சொன்ன ஆள எனக்குத் தெரியும், விடுங்க.”

நாலு எண்டும் புதிதாக வந்தன. கிரீஸ் துவாரங்களை எனக்குக் காட்டினான். பெயிண்ட் படாத, வாய் திறந்த துவாரங்கள். கிரீஸ் அடித்தால் உள்ளே போய், ரப்பர் உறை லேசாக உப்புவதைக் கண்ணால் பார்க்கலாம். சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட ஒரு நூல் குறைவாக இருக்கும்படி அளந்து வைத்தான். நாலாவது எண்டை நானே மாட்டுகிறேன் என்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை

சீசனில் ஞாயிறும் வேலை உண்டு. வீட்டுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தியிருந்தேன். ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்ற எட்டுப் பேரும் எதிரே நின்றார்கள். நான் கூப்பிடவில்லை. காளியம்மா மதினிதான் கிட்டத்தில் வந்து பார்த்தாள்.

“நாலும் புதுசா?”

“புதுசு மதினி.”

“நீங்க சொல்லி நாங்க கேட்டதெல்லாம் போதும். முத்துலட்சுமி சொல்லட்டும்.”

முத்துலட்சுமி தூக்குவாளியோடு வெளியே வந்தாள். என்னிடம், “எப்படிப் பாக்கணும்?” என்றாள்.

“நான் ஸ்டீரிங்க இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். நீ எண்டு மேல கைய வச்சுக்கோ. கெட்டுப்போயிருந்தா கையில ‘டொக்கு’ன்னு இடிக்கும்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சாக்கை விரித்தாள். படுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“சாவி.”

“இஞ்சின் நின்னுதான இருக்கு.”

“சாவியக் குடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு அடியில் போனாள்.

நான் ஆட்டினேன். அவள் பாதம் மட்டும் தெரிந்தது. “ம்.” நகர்ந்தாள். “ஆட்டுங்க. ம்.” மறுபடி நகர்ந்தாள். மூன்றாவதுக்கும் “ம்” வந்தது. நாலாவதில் வெகுநேரம் சத்தம் இல்லை.

“நிப்பாட்டுங்க.”

ஸ்டீரிங்கை விட்டேன்.

“இடிக்கல. ஆனா மத்த மூணுலயும் நட்டுக்குள்ள ஒரு கம்பி போகுது. இதுல வெறும் ஓட்டைதான் கைக்குத் தட்டுப்படுது.”

நட்டு கழன்றுவிடாமல் காப்பது அந்தக் கம்பிதான். எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தூரத்தில் ஷேர் ஆட்டோ வருகிற சத்தம். ‘அதுக்குக் கம்பி தேவையில்ல, அது வேற மாடல்’ என்ற வாக்கியம் முழுசாக, நிறுத்தக்குறியோடு, என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று எனக்கே திக்கென்று இருந்தது.

“மாட்ட மறந்துட்டேன்” என்றேன். “அது நான் மாட்டுனது.”

காளியம்மா மதினி தலையில் கை வைத்தாள். நான் சட்டைப் பையைத் தடவினேன். சேவியர் கொடுத்த கம்பி அங்கேயே இருந்தது. நேற்றிலிருந்து அதைப் பையில் வைத்துக்கொண்டே, வேலை சுத்தமாக முடிந்தது என்று மீசையை நீவிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கீழே படுத்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு பேரும் ஜீப்புக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். நான் கம்பியைத் துவாரத்தில் நுழைத்து, அதன் இரண்டு முனையையும் பிரித்து மடக்கினேன். அவள் இடதுகை விரலால் அதன் நுனிவரைக்கும் தடவிப் பார்த்தாள். பிறகு முதல் எண்டிலிருந்து நாலையும் மறுபடி தடவிக்கொண்டு வந்தாள்.

வெளியே வந்தபோது ஆட்டோ வந்து நின்றிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். முத்துலட்சுமி முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டாள். முந்தானை முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாவியைச் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

காளியம்மா மதினி ஆட்டோக்காரரைப் பார்த்து, நீங்க போங்க என்று கையைக் காட்டினாள்.